பூட்டுப் பட்டறையில் ஒரு கணிதப் பாடம்

திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமில்லை. பூட்டின் வரைபடத்துக்குத்தான் பஞ்சம். நாகல் நகரிலும், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய சுற்றுக் கிராமங்களிலும், தகடு வெட்டும் ஓசையும் அரம் தேயும் ஓசையுமாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கும் பட்டறைகளில், ஏழு லீவர் பூட்டு ஒன்றின் உள்ளமைப்பை அளவுகளோடு காகிதத்தில் காட்டும்படி ஒருவர் கேட்பாரானால், சுவரில் ஆணியடித்து மாட்டிய மாதிரித் தகடுகள் சிலவற்றை ஆசாரியார் கழற்றிக் காட்டுவாரேயன்றி, வரைபடம் என்று சொல்லத்தக்க ஒன்றை எடுத்து நீட்டுவது அரிது. அளவுகள் யாவும் அவருடைய விரல்களில் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் பெருமைப்பட்டது நியாயமே; ஆனால் அந்தப் பெருமைக்கு ஆதாரமான வித்தையோ, இளைஞர்கள் பட்டறைப் பக்கம் வரத் தயங்குகிற காரணத்தால், வயோதிகர் சிலருடைய கைகளுக்குள் சுருங்கி வருகிறது.

அதே ஊரில், பட்டறைகளுக்கு வெகு தூரமில்லாத பொறியியல் கல்லூரிகளிலும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலும், கடைத்தெரு மாடிகளில் பலகை மாட்டியிருக்கும் ‘ஆட்டோகேட்’ வகுப்புகளிலும் பிள்ளைகள் பலர் கணினித் திரையில் கன வடிவங்களை உண்டாக்கும் வித்தையைக் கற்று வருகிறார்கள். அவர்கள் வரைந்து பழகுவது என்னவென்று விசாரித்தால், நக்கிள் ஜாயின்ட், பிளம்மர் பிளாக், ஸ்குரூ ஜாக் என்று இயந்திர வரைபடப் பாடப்புத்தகங்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் அதே உருப்படிகள்தாம். அவை உபயோகமானவையே, அவற்றின்மேல் எனக்குத் துவேஷம் ஒன்றுமில்லை. ஆயினும், பிளம்மர் பிளாக் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திராத பிள்ளை அதை அச்சுப்பிசகாமல் வரைந்துவிட்டு, தன் வீட்டு வாசலில் தினந்தோறும் திறந்து பூட்டும் பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமலே பட்டம் பெற்று வெளியேறுவதும், அந்தப் பூட்டைப் படைத்தவர் தம் வித்தையை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அரத்தைக் கீழே வைப்பதும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நிகழ்வது விசனிக்கத்தக்கது. முப்பரிமாண வடிவங்களைக் கணினியில் அமைத்து யந்திரத்தால் நிர்மாணிக்கும் கலையைத் திண்டுக்கல்லில் கற்பிக்க வேண்டுமானால், அதற்குப் பூட்டைவிடச் சிறந்த பாடப்பொருள் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். காரணங்களைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும்.

முதற் காரணம் சரித்திர சம்பந்தமானது. யந்திரங்களைச் செய்யும் யந்திரங்கள் உலகில் தலையெடுத்ததற்கே பூட்டு ஒரு முக்கியமான நிமித்தமாக இருந்திருக்கிறது. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784-ஆம் ஆண்டில் ஒரு நூதனமான பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உறுப்புகள் மிகுந்த துல்லியத்தோடு அமைந்தாலன்றிப் பூட்டு வேலை செய்யாது. அத்துணைத் துல்லியத்தைக் கையால் அராவி எட்டுவதென்றாலோ, ஆகும் கூலி பூட்டை விலைபோகாமல் செய்துவிடும். இந்தச் சங்கடத்திலிருந்து தப்புவதற்காக அவர் 1789-ல் ஹென்றி மாட்ஸ்லி என்ற பதினெட்டு வயது இளைஞரை வேலைக்கு அமர்த்தினார். அந்த இளைஞர் பூட்டின் உறுப்புகளைச் செய்வதற்கென்று அமைத்த கருவிகளும், பிற்பாடு தனிப் பட்டறை வைத்து 1800-ஐ ஒட்டிய காலத்தில் அமைத்த திருகு வெட்டும் லேத்தும், அவரிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த் முதலானோர் செய்த அளவைச் சீர்திருத்தங்களும் சேர்ந்துதான் யந்திரத் தொழிற்சாலைகளுக்கு அஸ்திவாரமிட்டன. இன்று கோயம்புத்தூரில் ஓடுகிற லேத் எதுவானாலும் அந்தப் பூட்டுப் பட்டறைக்குத் தூரத்து உறவுதான்.

அங்கிருந்து கணினிக்கு வருகிற பாதை நீண்டதாயினும், பெயர் சொல்லத்தக்க இடங்கள் சிலவே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ல், துளையிட்ட காகித நாடாவில் பொறித்த எண்களின்படி தானாகவே நகர்ந்து உலோகம் செதுக்கும் யந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். பட்டறைகளில் இன்று ‘சிஎன்சி’ என்று வழங்குவதற்கு அதுவே முன்னோடி. அதே கழகத்தில் 1963-ல் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர், ஒளிப்பேனாவால் திரைமீது வரைந்து, இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டால் கணினி அதை நிறைவேற்றும் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற ஏற்பாட்டைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். சக் ஹல் என்பவர் ஒளிபட்டு உறையும் திரவப் பிசினை அடுக்கடுக்காகக் கெட்டியாக்கிப் பொருள் செய்யும் முறைக்கு 1986-ல் காப்புரிமை அடைந்தார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் என்பவர் 1989-ல் விண்ணப்பித்துப் பெற்ற உரிமை 2009-ல் காலாவதியாயிற்று. அதற்கு நான்கு வருஷம் முன்னரே இங்கிலாந்தில் ஏட்ரியன் போயர் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர், தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் யந்திரத்தின் வரைபடங்களை உலகுக்கு இலவசமாகக் கொடுக்கும் ‘ரெப்ராப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தபடியால், உரிமை காலாவதியான மாத்திரத்தில் விலை சரிந்தது. லட்சக்கணக்கில் விலை சொன்ன யந்திரத்தின் சிறிய வகை இன்று சுமார் 20,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. இந்தப் பரம்பரையில் யாரும் பெரிய மில் முதலாளியாக இல்லாமலே சேர்ந்துகொள்ளலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

இரண்டாவது காரணம் பூட்டின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. பித்தளைத் தகட்டில் வெட்டிய லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அச்சாணியில் கோக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு ஜன்னல் போன்ற வெட்டும், அதன் நடுவே ஒரு குறுகிய காடியும் உண்டு. தாழோடு பொருந்திய முளையொன்று அத்தனை காடிகளையும் ஒருங்கே கடந்தாலன்றித் தாழ் பின்வாங்காது. தாழ் பின்வாங்காவிட்டால் வளைகம்பி விடுபடாது. சாவியின் பற்கள் செய்யும் வேலை, லீவர்களை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கி, காடிகளை எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதுதான். ஒரு லீவர் மயிரிழை குறைவாக எழுந்தாலும் தடை; மயிரிழை மிகையாக எழுந்தாலும் தடை. மிகையும் தடையாகும்படி செய்த இந்தச் சூட்சுமத்துக்கு 1778-ல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு லீவருக்கும் நான்கு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஏழு லீவர்களுக்கு 16,384 வகையான சாவிகள் சாத்தியமாகின்றன. பெருக்கல் வாய்பாட்டின் மகிமையைப் பள்ளிப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலையை ஆசாரியார் செய்கிற விதத்தை அருகிலிருந்து பார்க்கவேண்டும். சாவியை வைஸில் இறுக்கிப் பல்லை இரண்டு இழுப்பு அராவுகிறார். கழற்றிப் பூட்டில் நுழைத்து மெதுவாகத் திருப்புகிறார். முளை எந்த லீவரில் முட்டுகிறது என்பதைக் காதாலும் விரல் நுனியாலும் அறிகிறார். மறுபடி வைஸ், மறுபடி அரம், இம்முறை ஒரே இழுப்பு. ஒரு கட்டத்தில் முட்டுதல் நின்று சாவி வழுவழுவென்று சுற்றிவிடுகிறது. அந்த நிலையில் முளைக்கும் காடிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார் என்று கேட்டால் அவரால் எண்ணில் சொல்ல முடியாமற் போகலாம். அளந்து பார்த்தால் மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமாக இருக்கும். அந்தப் பின்னம்தான் பூட்டின் உயிர்: குறைந்தால் பூட்டு திக்கும், கூடினால் கள்ளச்சாவிக்கு இணங்கும்.

இனி, ஒரு மாணவன் அதே லீவரைக் கணினியில் அமைக்கப் புகுவதாக வைத்துக்கொள்வோம். இதற்கான மென்பொருள்களில் ‘ஃப்ரீகேட்’ போன்றவை காசில்லாமலே கிடைக்கின்றன. முதலில் அவன் சமதளத்தில் ஒரு வடிவம் வரைகிறான். கோடுகளின் நீளத்தையும் வட்டங்களின் விட்டத்தையும் எண்களால் கட்டுகிறான். ஒரு கோடு கட்டப்படாமல் தளர்வாக இருந்தாலும் மென்பொருள் அதை வேறு நிறத்தில் காட்டி நினைவூட்டுகிறது. பிறகு அந்த வடிவத்துக்குத் தகட்டின் கனத்தைக் கொடுத்து எழுப்புகிறான்; முனைகளை மழுக்குகிறான்; ஏழு லீவர்களையும், தாழையும், உறையையும் திரையில் ஒன்றுகூட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கிறான். சாமர்த்தியமுள்ள மாணவனாக இருந்தால், உயரங்களைத் தனித்தனியே வரையாமல் ஓர் அட்டவணையில் எழுதி வடிவத்தோடு பிணைத்துவிடுவான். அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் லீவரும் சாவியும் சேர்ந்தே மாறும். அப்புறம் அது முக்கோணங்களாலான மேற்பரப்பாக மாறி ‘எஸ்டிஎல்’ கோப்பாகிறது. அதை ‘ஸ்லைசர்’ மென்பொருள் மெல்லிய படலங்களாக அரிந்து, முனை எங்கே செல்லவேண்டும், எவ்வளவு இழையைப் பிழியவேண்டும் என்ற ஆணைகளாக எழுதிக் கொடுக்கிறது. அந்த ஆணைகளுக்கு ‘ஜி-கோடு’ என்று பெயர். யந்திரம், சுமார் 200 டிகிரி வெப்பத்தில் உருகிய இழையை 0.4 மில்லிமீட்டர் துவாரத்தின் வழியே, 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள படலங்களாக இட்டுக்கொண்டே போகிறது.

சில மணி நேரத்தில் பூட்டின் உறுப்புகள் தயாராகிவிடும். தயாரான பூட்டு திறக்காது. திரையில் அவன் முளைக்கு ஐந்து மில்லிமீட்டரும் காடிக்கு ஐந்து மில்லிமீட்டரும் கொடுத்திருப்பான். கணிதத்தில் அவை பொருந்தும், பிளாஸ்டிக்கில் பொருந்தா. உருகிய இழை சற்றுப் பிதுங்கும், ஆறும்போது சற்றுச் சுருங்கும், அடிப்படலம் சப்பையாகி விரியும். நகரும் உறுப்புகளுக்கு நடுவே 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டராவது விடவேண்டும் என்பதை அவன் அந்தச் சிக்கலிலிருந்துதான் கற்கிறான். ஆசாரியார் விரலால் விட்ட இடைவெளிக்கு ஓர் எண் கிடைக்கிற கணம் அதுவே. பட்டறையும் வகுப்பறையும் சந்திக்க வேண்டிய இடமும் அதுதான் என்று நான் கருதுகிறேன். சுவரில் மாட்டிய தகட்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து வரும் மாணவன், தான் அளந்தது தகட்டின் நீளத்தை மட்டும்தானா, அதை வெட்டியவருடைய தீர்மானத்தையுமா என்று யோசிக்கத் தொடங்குவான்.

அச்சிட்ட பிளாஸ்டிக் பூட்டை வாசலில் மாட்டலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். பழக்கத்திலுள்ள ‘பிஎல்ஏ’ என்ற இழை 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குவது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுப் போனால் மாலையில் வேறு உருவத்தில் கிடைக்கும். அன்றியும், படலங்களாக அடுக்கிய பொருள் படலத்துக்கும் படலத்துக்கும் இடையில்தான் பலவீனமானது. வளைகம்பியை நிமிர்த்தி நிறுத்தி அச்சிட்டால் கையாலேயே ஒடித்துவிடலாம். யந்திரம் வாங்கிய சந்தோஷத்தில் இந்த விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சு யந்திரம் மாதிரி செய்யும் கருவி. வேலை செய்யும் பூட்டுக்கு வேறு வழிகள் உண்டு. அதே வரைபடத்தைத் தகடு வெட்டும் லேசர் யந்திரத்துக்குக் கொடுத்தால் லீவர்கள் உலோகத்திலேயே கிடைக்கும். உறையைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, மணலில் பதித்து, அச்சை எடுத்துவிட்டுப் பித்தளை வார்க்கலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் செய்கிற காரியத்துக்கு இது சகோதர முறை. ஒரே கோப்பிலிருந்து மூன்று விதமான நிர்மாணம் என்பதுதான் இந்த வித்தையின் மெய்யான லாபம். முப்பரிமாண அச்சு என்ற பெயரின் பளபளப்பில் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அரசாங்கங்கள் இதில் பணம் செலவழிக்கவில்லை என்று குறை சொல்வதற்கில்லை. மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016 முதல் பள்ளிகளில் ஏற்படுத்திவரும் ‘டிங்கரிங்’ கூடங்கள் நாடு முழுவதும் பதினாயிரத்தை எட்டியிருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கென்று ஒவ்வொரு கூடத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. தமிழக அரசு 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்து, கணினிவழி வடிவமைப்பு, சிஎன்சி, அச்சு முறை நிர்மாணம் ஆகியவற்றை அங்கே பாடமாக்கியிருக்கிறது. சென்னையிலோ காரியம் இன்னும் மேலே போயிருக்கிறது: ஐஐடி வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனத்தார் ஒரே துண்டாக அச்சிட்ட என்ஜினை வைத்து 2024-ஆம் ஆண்டு மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவினார்கள், அதே ஐஐடி வளாகத்தில் த்வஸ்தா என்ற நிறுவனம் கான்கிரீட்டை அச்சிட்டு எழுப்பிய வீடு 2021-ல் திறக்கப்பட்டது. இவையெல்லாம் கொண்டாடத்தக்கவையே. ஆனால் பள்ளிக் கூடங்களில் நடப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் எங்கோ செய்து வலையில் போட்டுவைத்த கோப்பை இறக்கி, பெயர் பொறித்த சாவிவளையமாகவும் சிறிய ஈபிள் கோபுரமாகவும் அச்சிட்டு விழாவன்று மேசையில் அடுக்கிவைப்பதை நான் கல்வி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சாவிவளையம் செய்யத் தெரிந்த பிள்ளை சாவியைச் செய்யட்டும்.

இதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே இருக்கிறது. மாசசூசெட்ஸ் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்டு என்ற பேராசிரியர் 1998-ல், ‘ஏறத்தாழ எதையும் செய்வது எப்படி’ என்ற வேடிக்கையான பெயரில் ஒரு பாடத்தைத் தொடங்கினார். எதிர்பார்த்ததைவிட மாணவர் திரண்டார்கள். அதிலிருந்து ‘ஃபேப் லேப்’ என்ற நிர்மாணக் கூடங்கள் கிளைத்தன. அமெரிக்காவுக்கு வெளியே அவற்றில் ஆதியானவற்றுள் ஒன்று, 2002-ல், புனேவுக்கு அருகில் பாபல் என்ற வறண்ட கிராமத்தில், விக்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது. டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் வேலையின் வாயிலாகவே விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்று 1983-ல் நிறுவிய ஸ்தாபனம் அது. வேலையின் வாயிலாகக் கல்வி என்ற கொள்கை திண்டுக்கல் ஜில்லாவுக்கு அந்நியமானதல்ல. சின்னாளபட்டிக்கு அருகே 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியபோது அங்கே வேரூன்றியது காந்தியடிகளின் ஆதாரக் கல்விதான். நூற்பும் நெசவும் அன்றைய கைத்தொழில்களாக இருந்தன. ஒரு கைத்தொழிலைச் சுற்றிக் கணிதம், பௌதிகம், சரித்திரம் யாவற்றையும் கோத்துக் கற்பிக்கும் அந்த முறைக்கு, அறுபது கிராமங்களில் தேடினாலும் பூட்டைப்போல் கைக்கடக்கமான பொருள் அகப்படாது.

பட்டறைக்காரர் தரப்பில் ஓர் ஆட்சேபம் எழும், அதை அலட்சியப்படுத்தக்கூடாது. பூட்டின் வரைபடம் கோப்பாகிவிட்டால் அது ஊர் ஊராகப் பரவும், ரகசியம் போய்விடும் என்பார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிப் பூட்டுகளைத் திறக்க அதிகாரிகள் வைத்திருந்த பொதுச்சாவிகளின் புகைப்படம் 2014-ல் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. மறு வருஷம் யாரோ சிலர் அந்தப் படத்தைப் பார்த்தே சாவிகளின் கோப்பைத் தயாரித்துப் பரப்பிவிட, அச்சு யந்திரம் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே சாவி செய்து திறந்து காட்டினார்கள். அச்சத்துக்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. எனினும் இது புதிய விவாதமல்ல. மேலே சொன்ன பிராமா, தம் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசென்று கடைச் சன்னலில் பலகை வைத்திருந்தார். 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பதினாறு நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். இதையெல்லாம் வெளியில் சொல்வது திருடருக்கு உதவி என்று அன்றும் சிலர் கூவினர். திருடர் ஏற்கெனவே அறிந்ததை யோக்கியரும் அறியட்டும் என்று ஹாப்ஸின் கட்சியினர் பதில் சொன்னார்கள். லீவர் பூட்டின் தத்துவம் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்தில் உள்ளது. ரகசியமாக இருக்கவேண்டியது ஒவ்வொரு பூட்டுக்கும் உரிய அந்த ஏழு எண்களின் வரிசை மட்டுமே. அது கோப்பில் காலியிடமாக நின்றால் போதும்.

சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. புவிசார் குறியீடு ‘திண்டுக்கல் பூட்டு’ என்ற பெயரைத்தான் காக்கிறது, பூட்டின் வடிவத்தைக் காப்பதில்லை. திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டைப் போல ஒன்றை அலிகாரில் செய்து வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவங்களுக்கே பாதுகாப்பளிக்கும். பாட்டனார் காலத்துப் பூட்டு அதற்குள் வராது. ஆகவே பழைய பூட்டுகளின் அளவுகளைப் பூட்டி வைப்பதால் பட்டறைக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றுமில்லை. அவற்றிலிருந்து புதிதாக ஒன்றை வடிவமைத்தால்தான் பதிவுசெய்துகொள்ள ஏதேனும் இருக்கும். 1957 முதல் நடந்துவரும் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அந்தக் கோப்புகளுக்கு உரிமையாளராக இருப்பது பொருத்தமாகும்.

இனி ஆசிரியர் யார் என்ற கேள்வி. மென்பொருள் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார். லீவர் எங்கே முட்டுகிறது என்று சொல்லிக்கொடுக்க ஆசாரியாரைத்தான் அழைக்கவேண்டும், அதுவும் விழாவுக்கு வந்து பொன்னாடை பெற்றுப் போகும் விருந்தினராக அல்லாமல், வாரம் தவறாமல் வகுப்பெடுப்பவராக. பட்டமில்லாதவருக்கு எந்தக் கணக்கில் சம்பளம் எழுதுவது என்று கல்லூரி அலுவலகத்தில் ஆட்சேபிப்பார்கள். அதற்கும் வழி பிறந்திருக்கிறது: பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட நெறிமுறைகள், தொழிலில் நீண்ட அனுபவமுடையவரைப் பட்டம் கேளாமலே பேராசிரியராக அமர்த்த இடம் தருகின்றன, 2023-ல் கைவினைஞரை உயர்கல்வி நிலையங்களில் தங்கிக் கற்பிப்பவராக நியமிப்பதற்கென்றே வேறு நெறிமுறைகளும் வந்துவிட்டன. ஆகவே அலுவலகத்தின் ஆட்சேபத்துக்குக் காகிதத்தில் பதில் இருக்கிறது. நியமன உத்தரவில் கையெழுத்திட வேண்டியவர்கள் கல்லூரி முதல்வர்கள்.